அஞ்சறைப் பெட்டிக்குள் பதினொரு மாத்திரை

டேய் கண்ணு, பெரிய சேதி, உட்கார்ந்துகொண்டு படி: ஊரெல்லாம் சுற்றி ஓசூர் வரைக்கும் போன என் அஞ்சறைப் பெட்டி வீடியோவை இன்று காலை நானே, இந்தக் கையாலேயே, அழித்துவிட்டேன்!

ஏன் என்று கேட்பாய். நேற்று நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். உன் தங்கைக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது, நான் அவளோடு போய் இரண்டு மாதம் இருக்க வேண்டும், அதுவரை தாத்தாவை நீ ஓசூருக்கு அழைத்துப் போகிறாய் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, போனை வைக்கும் நேரத்தில் சொன்னாய்: "அம்மா, மறக்காம அந்த டப்பாவையும் குடுத்தனுப்பு, அதான் ஈசி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த டப்பா என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே நான்தான். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். வீடியோவை எல்லாரும் பார்க்கத்தானே போட்டேன்? அப்படியென்றால் இதையும் எல்லாரும் படிக்கட்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய உன் அம்மா, எடிட்டிங்கிலிருந்து எம்பிராய்டரி வரைக்கும் போனைப் பார்த்தே கற்றுக்கொண்டவள், தப்பு செய்தால் அதையும் போனிலேயே ஒத்துக்கொள்வாள்!

முதலிலிருந்து சொல்கிறேன். தாத்தாவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, கள்ளக்குறிச்சியில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது உனக்குத் தெரியும். நீயும் லீவு போட்டு வந்து இரண்டு நாள் பெஞ்சில் படுத்திருந்தாய். நீ கிளம்பிய பிறகுதான் டிஸ்சார்ஜ். அன்றைக்கு எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தது. உன் அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலில் இருந்து கை காட்டுகிறார். தாத்தா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, கெளம்பலாம்மா, இந்த வாசனையே எனக்கு ஆவல" என்று அவசரப்படுத்துகிறார். அந்தப் பக்கம் நர்ஸ் ஒரு பெரிய கவரைத் திறந்து, இது வெறும் வயிற்றில், இது சாப்பிட்ட பிறகு, இது பழைய மாத்திரைக்குப் பதில், இது பாதி என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். பதினொரு வகை. "புரிஞ்சிதாம்மா?" என்று கேட்டார். "புரிஞ்சிதுங்க" என்று தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது பாதிகூட இல்லை, கண்ணு. அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு அந்தத் தலையாட்டல்.

வீட்டுக்கு வந்து எல்லா அட்டையையும் சமையல்கட்டில் பரப்பினேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றைக் கடையில் கத்தரித்துக் கொடுத்ததில் பேர் பாதியில் நிற்கிறது. பார்த்தாலே எரிச்சல். எனக்குத்தான் ஒழுங்குபடுத்தும் வீடியோக்கள் என்றால் உயிராயிற்றே! சீரில் வந்து பரணில் கிடந்த இரண்டாவது அஞ்சறைப் பெட்டி ஞாபகம் வந்தது. இறக்கிக் கழுவி, வெயிலில் காய வைத்து, ஒவ்வொரு மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கிப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டேன். ஏழு கிண்ணம்தான் இருந்தது, பதினொரு வகை மாத்திரை. கலர் வேறாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் இரண்டு வகை என்று ஒரு கணக்கு. கிண்ணத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம்கூட வரைந்தேன். காலியான அட்டைகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணி முடித்த மாதிரி! மூடியைத் திறந்தால் பூக்கோலம் போல இருந்தது. விடுவேனா? சிவப்பு வளையலை மாட்டிக்கொண்டு, கையை மட்டும் காட்டி, வீடியோ எடுத்துப் போட்டுவிட்டேன். முதலில் பகிர்ந்தது நீதான். "எங்க அம்மா மூளையே மூளை" என்று எழுதி உன் கம்பெனி குரூப் முழுக்க அனுப்பினாய். அன்றைக்கு நான் தரையில் நடக்கவே இல்லை.

பத்து நாள் நன்றாகத்தான் போனது. பிறகு தாத்தா பிடிவாதம் ஆரம்பித்தார். வெள்ளிமலையில் அவருடைய சாமை வியாபார சிநேகிதர் இருக்கிறாரே, அவர் பேத்திக்குக் கல்யாணம். "அவன் வூட்டு கல்யாணத்துக்கு நான் போவலன்னா, நான் செத்துட்டேன்னு நெனச்சிக்குவான்" என்றார். டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். "கல்யாணத்துக்குப் போறதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? அவரையா கூப்ட்டுக்கிறாங்க?" என்று என் வாயை அடைத்துவிட்டார். உன் அப்பாவுக்கு மரவள்ளி அறுவடை, வர முடியவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், இரவு மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிட்டு, நானும் தாத்தாவும் பஸ் ஏறினோம். அஞ்சறைப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக் காலடியில் வைத்தேன். டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவிலேயே இருந்தது. எதற்கு? அதுதான் எல்லாம் டப்பாவில் இருக்கிறதே!

அந்த மலைப்பாதையில் பஸ் எப்படிப் போகும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, சின்ன வயதில் ஒவ்வொரு வளைவிலும் என் மடியில் வாந்தி எடுத்தவன் நீ. மேலே போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை மாத்திரை கொடுக்க மூடியைத் திறந்தேன். பூக்கோலம் கலைந்து போயிருந்தது. பதினொரு வகையும் கிண்ணம் தாண்டிக் குதித்து ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன. பயந்தேனா? இல்லையே! அதுதான் வருத்தம். "பத்து நாளா நான்தான குடுக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்று மூடியைக் கவிழ்த்து அதில் கொட்டிப் பொறுக்க ஆரம்பித்தேன். மஞ்சள், ரோஸ், பெரியது, நீளமானது எல்லாம் சுலபமாகப் பிரிந்தன. கடைசியில் சின்ன, உருண்டையான, வெள்ளை மாத்திரைகள் ஒரு கைப்பிடி மிஞ்சின. அதில் சர்க்கரை மாத்திரையும் இருந்தது, உடம்பில் தேங்கும் நீரை இறக்கும் மாத்திரையும் இருந்தது. இரண்டும் காலையில் ஒவ்வொன்று. ஒன்றின் நடுவில் ஒரு மெல்லிய கோடு உண்டு, மற்றதில் இல்லை. அந்தக் கோட்டை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பார்வைக்கு இரண்டாகப் பிரித்து, இதில் ஒன்று, அதில் ஒன்று என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டுமே சர்க்கரை மாத்திரை.

முகூர்த்தம் தள்ளிப் போனது, பந்தியும் தள்ளிப் போனது. தாத்தா காலையில் குடித்தது ஒரு வாய் காபி மட்டும். பத்து மணி வாக்கில் பார்க்கிறேன், நாங்கள் எல்லாம் அந்த மலைக் குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவர் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டி நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. "மாமா, இன்னா பண்ணுது?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா நீ? எங்க வூட்டு ஆளுங்கள கூப்புடு" என்றார். இருபத்தாறு வருஷமாக என் கையால் சாப்பிடுகிறவர் என்னை யார் என்று கேட்கிறார், கண்ணு. சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மலக்காத்து ஒத்துக்கல" என்கிறார் ஒருவர். "கண்ணு பட்டுடுச்சி, மொதல்ல சுத்திப் போடுங்க" என்கிறார் இன்னொருவர். "கொஞ்ச நேரம் படுக்க வெச்சா சரியாப் பூடும்" என்று பாயே கொண்டுவந்துவிட்டார்கள். படுக்க வைத்திருந்தால் தூங்குகிறார் என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

அப்போதுதான் பட்டுப்புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக ஓர் அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அங்கே மலை ஆஸ்பத்திரியில் நர்ஸாம், லீவு போட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர். தாத்தாவின் நெற்றியைத் தொட்டார். "பெரியவருக்குச் சுகர் இருக்குதா? காலையில இன்னா மாத்திர போட்டாரு?"

"சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, நீர் எறங்கறதுக்கு ஒண்ணு, இன்னும்..."

"பேரு?"

"பேரு தெரிலங்க."

"அட்டை எங்க?"

நான் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். அந்த அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது, கொழம்பா வைக்கப் போற?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "யாராச்சும் சமையல்காரர்கிட்ட ஓடி ஒரு கை சக்கரையும் தண்ணியும் எடுத்தாங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைத்து, விழுங்குகிறாரா என்று முதலில் ஒரு வாய் கொடுத்துப் பார்த்து, பிறகு மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். ஜீப்பில் ஏற்றி மலை ஆஸ்பத்திரிக்குப் போய் விரலில் குத்திப் பார்த்தால், அவ்வளவு சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் அளவு ஐம்பதைத் தாண்டவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணை நன்றாகத் திறந்து, "ஏம்மா, பந்தி போட்டாங்களா? வட வெச்சாங்களா?" என்று கேட்டார் பார், நான் அழுதுகொண்டே சிரித்தேன். கிளம்பலாமா என்று கேட்டதற்கு அந்த அக்கா விடவில்லை. "அந்த மாத்திர இன்னும் உள்ள வேல செஞ்சிக்கினு இருக்கும். வயசானவரு, சீக்கிரம் எறங்காது, மறுபடியும் சுகர் கம்மியாவும். நாளைக்கிக் காலையில பாக்கலாம்." சொன்னபடியே சாயங்காலம் ஒரு முறை மறுபடி இறங்கியது. அந்த அக்காவுக்கு மட்டும் ரசிகர் மன்றம் ஆரம்பித்தால் நான்தான் தலைவி, சொல்லிவிட்டேன்!

மலை ஆஸ்பத்திரி டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டு கேட்டார். உன் அப்பாவுக்குப் போன் போட்டு, பீரோவில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் வந்த படத்தில் அவர் கட்டைவிரல் மட்டும் இருந்தது. இரண்டாவதில் பீரோ கண்ணாடியில் அவர் முகம். "உங்க மூஞ்சி வேணாங்க, சீட்டு வேணும்!" என்று கத்தினேன். மூன்றாவதில் சீட்டு வந்தது. அந்த ஒரு காகிதம் வந்த பிறகுதான் டாக்டர் என் பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, என்ன கொடுக்கலாம், எதை நிறுத்தி வைக்கலாம் என்று முடிவு செய்ய முடிந்தது. பதினொரு மாத்திரையும் கையில் இருந்தும் பேர் இல்லாமல் அவை யாருக்கும் உதவவில்லை. கட்டைவிரல் படம் எடுத்தாலும், அன்றைக்கு உன் அப்பாதான் தாத்தாவைக் காப்பாற்றியதில் பாதி ஆள்.

இப்போது நான் சொல்லக் கூசும் இடம். அன்று நீ போன் செய்தபோது, "மலக் குளிரு ஒத்துக்கலடா, ஒரு ட்ரிப் போட்டாங்க, அவ்ளோதான்" என்றேன். பொய். அதைவிடப் பெரியது ஒன்று. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் ஒன்பது நாள் அந்த வீடியோவை நான் எடுக்கவில்லை. டப்பாவைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டேன், புதிதாக வாங்கி அட்டையிலிருந்தே மாத்திரை கொடுக்க ஆரம்பித்துவிட்டேன், ஆனால் வீடியோ மட்டும் இருந்தது. தினமும் நாலு பேர் இதயம் போடுகிறார்கள், "சூப்பர்க்கா" என்கிறார்கள், எப்படி எடுக்க மனசு வரும்? நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்றே தள்ளினேன். நேற்று நீ டப்பாவைக் கேட்டாய். போனை வைத்துவிட்டு வீடியோவைத் திறந்தேன், புதிதாக ஒரு கருத்து: "அக்கா, நானும் எங்கப்பாவுக்கு இப்டியே செஞ்சிட்டேன், தேங்க்ஸ்க்கா." கூடவே ஒரு படம். சங்கராபுரத்துப் பெண். அவள் பெட்டியில் கிண்ணத்து ஓரமெல்லாம் பழைய கடுகு ஒட்டியிருந்தது. கடுகோடு கடுகாகச் சின்ன வெள்ளை மாத்திரைகள்.

எண் வாங்கிப் பேசிவிட்டு, அப்படியே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நன்றாக இருந்தார், எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "அட்டைய எங்கம்மா போட்ட?" என்றால், "குப்ப வண்டியில போட்டேங்க்கா, நீங்கதான வீடியோவுல போட்டீங்க?" என்கிறாள். பெட்டியையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அவர்கள் மருந்து வாங்கிய கடைக்குப் போனோம். அந்த மருந்தாளுநர் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்து, "மாத்திரையப் பாத்துப் பேரு சொல்றதுக்கு நான் இன்னா ஜோசியக்காரனாக்கா?" என்றார். ஆனால் பொறுமையாக உட்கார்ந்து, டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டு, புது அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் எதற்கு, எப்போது என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். கலந்து போனதை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். இன்று விடிந்ததும் வீடியோவை எடுத்துவிட்டேன்.

இனி உனக்கு, தாத்தாவைக் கூட்டிப் போகிறவனுக்கு. போன வாரம் வீட்டில் இருந்த மருந்தையெல்லாம் ஒரே பையில் அள்ளிக்கொண்டு கள்ளக்குறிச்சி டாக்டரிடம் போனேன். எல்லாம் என்றால் எல்லாம்: அட்டைகள், முட்டிவலித் தைலம், அவர் தலையணைக்கு அடியில் வைத்திருந்த வலி மாத்திரை. பையை மேசையில் கொட்டியபோது ஒரு பழைய பிரஷர் மாத்திரை அட்டையும் விழுந்தது. அரசாங்கத்திலிருந்து வீடு தேடி வந்து கொடுக்கிறார்களே, அது. ஆஸ்பத்திரியில் அதற்குப் பதிலாகத்தான் புது பேரில் எழுதியிருந்தார்கள். தாத்தா யாருக்கும் சொல்லாமல் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "வூடு தேடியாந்து குடுத்தத வீணாக்கலாமா?" என்கிறார்! எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து, ரத்தம் சோதித்து, சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைத்து, தேவையில்லாததை எடுத்து, பதினொன்றை ஏழாக்கிவிட்டார். டேய், ஏழு! ஆனால் குறைத்தது டாக்டர், நான் இல்லை. நீயாக எதையும் நிறுத்தாதே, நீயாக எதையும் சேர்க்காதே, முட்டி வலிக்கிறது என்று அவர் எவ்வளவு கெஞ்சினாலும் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கித் தராதே. அது அவர் கிட்னிக்கும் இதயத்துக்கும் ஆகாது என்று டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

மாத்திரையை அட்டையிலேயே வைத்திரு. எடுக்கும்போது பேர் இல்லாத பக்கத்திலிருந்து எடு, கடைசி மாத்திரை வரைக்கும் பேர் மிஞ்ச வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டையும் புதுப் பட்டியலையும் படம் எடுத்து உன் போனிலும் உன் பெண்டாட்டி போனிலும் வை, ஒரு காப்பி தாத்தா சட்டைப் பையில் இருக்கட்டும். சோறு தள்ளிப் போகிற நாள் என்றால், விரதம் என்றால், வாந்தி என்றால், சர்க்கரை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேள். வேர்த்தால், நடுங்கினால், சம்பந்தமில்லாமல் பேசினால், திட்டினால்கூட, முதலில் சர்க்கரையை நினை. விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. முக்கியமாக, யாராவது "புரிஞ்சிதா?" என்று கேட்டால் என்னை மாதிரி தலையாட்டாதே. "நான் திருப்பிச் சொல்றேங்க, சரியான்னு பாருங்க" என்று சொல். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஆட்டோ நிற்கும். உன்னால் முடியும், எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைவிட நிதானமான பிள்ளை நீ. டப்பா மட்டும் வராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மருந்தாளுநர் தம்பி நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நம் ஊர்க்காரர்கள், சங்கராபுரம் பக்கம் இருப்பவர்கள், வீட்டில் பெரியவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தால், மருந்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் வேண்டும். அவர் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டார், ஒரு பட்டியல் எழுதித் தருவார், ஒரே மருந்து இரண்டு பேரில் இருந்தால் டாக்டரிடம் கேட்கச் சொல்வார். டீ என் பொறுப்பு.

நீ முதல் வேலையாக உன் கம்பெனி குரூப்பில் இதைப் போடு. அன்றைக்கு வீடியோவை எந்தக் குரூப்பிலெல்லாம் போட்டாயோ அதிலெல்லாம். நான் அழித்தது என்னிடம் இருந்ததை மட்டும்தான். இறக்கி வைத்துக்கொண்டவர்கள் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அதில் என் பேர்கூட இப்போது இல்லை. படிக்கிற நீங்கள் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்: சிவப்பு வளையல் போட்ட ஒரு கை, அஞ்சறைப் பெட்டியில் மாத்திரையைப் பிதுக்கிப் போடும் வீடியோ உங்கள் போனுக்கு வந்தால், அதற்குக் கீழே இந்தக் கடிதத்தைப் போடுங்கள். யாராவது அப்படிச் செய்துவிட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கள், ஸ்கூட்டியில் வர முடிகிற தூரம் என்றால் நானே வருகிறேன். அந்தக் கை என்னுடையது.